பாயாசத்துக்குப் பிறகு ரசம்

ஜெர்மனியில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படிக்கும் வியட்நாம்காரி, விடுமுறையில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவள், நாகர்கோவிலுக்கும் ஒரு நாள் வருவதாகச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம். அம்மாவுக்கு என்னைவிடச் சந்தோஷம். அதுதான் எனக்குப் பயம்.

முதல் வருஷம் முடிந்து நான் ஊர் வந்து இறங்கியபோது நன்றாக மெலிந்திருந்தேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வாசலிலேயே அம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள். "படிச்சது போதும், மதி. திங்காம கெடந்து படிக்க அங்க எதுக்குப் போணும்? இங்க காலேஜ் இல்லியா?" நான் அங்கே சமைத்துத்தான் சாப்பிடுகிறேன், குளிரில் எல்லோரும் கொஞ்சம் மெலிவார்கள் என்று தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. அப்பாவிடம் போனால் "அம்மைகிட்டக் கேளு" என்று பேப்பருக்குள் புகுந்துகொள்வார். திரும்பிப் போக டிக்கெட் எடுக்காமல் நாள் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அம்மா ஒரு வாய்தா கொடுத்தாள். "கூட இருக்கப்பட்ட பிள்ளதான வருகு? அவகிட்ட நாலு வார்த்த கேக்கேன். நீ போணுமா வேண்டாமான்னு பொறவு சொல்லுகேன்."

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வருகிறவளுக்கு அது தெரியாது. நடுவில் நான்.

அவள் வந்த அன்று காலையிலேயே வடசேரிச் சந்தையில் விசாரணை தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இலையும் காயும் வாங்க அம்மாவும் கூட வந்திருந்தாள். வாழைக்குலைகளைப் பார்த்ததும் தோழிக்குக் கால் நகரவில்லை. மட்டி, செவ்வாழை, ஏத்தன் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் கேட்டாள். அம்மா சேனைக்கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "இவங்களும் சோறு தின்னுகவங்கதானா?" என்றாள். மூன்று வேளையும் சோறுதான் என்றேன். "கொள்ளாம்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தப் பாராட்டு லேசில் வராது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சாயாக் கடையில் ரசவடை வாங்கிக் கொடுத்தோம். ரசத்தில் ஊறிய பருப்புவடை. மூக்கில் தண்ணீர் வழிய வழிய இன்னொன்று கேட்டாள். அம்மாவுக்கு அப்போதே பாதி மனம் இளகிவிட்டது. ஆனால் கேள்வி கேள்விதான்.

"எம் மக அங்க நேரத்துக்குத் திங்காளான்னு கேளு."

கேட்டேன். தோழி வடையைக் கீழே வைத்துவிட்டு, கையை ஆட்டி ஆட்டி, நெடுநேரம் பதில் சொன்னாள். நன்றாகச் சாப்பிடுவாள், ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் சமைப்பாள், பரீட்சை வந்தால் மட்டும் வெறும் ரொட்டியோடு நிறுத்திக்கொள்வாள், நானும் சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன் என்றாள். உண்மையை மட்டுமே பேசும் ஜாதி. நான் அம்மாவிடம், "திங்கேனாம்" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ ஒரு பாட்டம் பேசினா. நீ ஒத்த வார்த்தையில முடிச்சிட்ட. வக்கீலும் நீ, சாச்சியும் நீ. கேஸு வெளங்கும்." கடைக்காரர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. சொன்னது முழுக்க நியாயம் என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

அம்மா இலைக்கட்டோடு ஆட்டோவில் வீட்டுக்குப் போனாள். நாங்கள் ஸ்கூட்டரில் வட்டக்கோட்டைக்குப் போனோம். ஆகஸ்ட் மாதக் காற்று எங்களையும் வண்டியையும் சேர்த்து வயலுக்குள் தள்ளப் பார்த்தது. அவளுக்கு அது ஒரே கும்மாளம். கோட்டை மேலே ஏறி நின்றபோது ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலையும் காற்றாலைகளும். நான் சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்த இடம். வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டிப்போய் அலுத்த இடம். அன்றைக்கு அவள் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்ததைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோட்டையை நானே கட்டியது போல் ஒவ்வொரு கல்லாகக் காட்டினேன்.

வாசலில் ஒரு அக்கா அன்னாசித் துண்டில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுத்தார். ஒரு கடி கடித்ததும் தோழி, எங்கள் ஊரிலும் பழத்தை இப்படித்தான் தின்போம் என்று குதித்தாள். வந்த இத்தனை நாளில் வீட்டு ஞாபகம் இப்போதுதான் வந்தது என்றாள். சொல்லிவிட்டு, உன் அம்மா ஏன் என்னைப் பரீட்சை அதிகாரி மாதிரி பார்க்கிறார் என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. நீ வராவிட்டால் அந்த அறையில் நான் என்ன செய்வேன் என்றாள். நான் போகவேண்டும். அந்தப் படிப்பு எனக்குப் பிடித்திருந்தது, அந்த அறை பிடித்திருந்தது, இவளைப் பிடித்திருந்தது. இதையெல்லாம் அம்மாவிடம் எந்த மொழியில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அதற்குள் அம்மாவின் போன். "ஏட்டி, கண்டதையும் வாங்கித் தின்னு வயித்த நெறைக்காதிங்க. எல போடப் போறேன்."

வீட்டில் கீழே பாய் விரித்திருந்தாள். அப்பா, தோழி, நான் என்று வரிசையாக இலை. பச்சடி, அவியல், எரிசேரி, துவரன், இஞ்சிக்கறி, ஏத்தன் உப்பேரி. ஒரு கல்யாண வீட்டுக்குப் போதும். தோழி சம்மணம் போட்டு உட்கார்ந்து கையால் பிசைந்து தின்றாள். பருப்பும் நெய்யும் முடிந்தது, சாம்பார் முடிந்தது. அடுத்தது அடைப்பிரதமன், எங்கள் ஊர்ப் பாயாசம்.

எங்கள் பக்கத்து விருந்தில் பாயாசம் நடுவில்தான் வரும். அதற்குப் பிறகு ரசம், பிறகு மோர். மதுரைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் பாயாசத்தோடு எல்லாம் முடிந்தது என்று இலையை மூடிவிடுவார்கள். ரசச்சட்டியோடு நிற்கும் அம்மாவுக்கு அது பெரிய குறை. அப்பாவின் ஆபீஸ்காரர் ஒருவர் அப்படி மூடிவிட்டு எழுந்ததை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் அன்றும், "மூடாண்டாம்னு அவகிட்டச் சொல்லு" என்றாள் என்னிடம்.

நான் வாய் திறக்கும் முன் தோழி ஒரு பப்படத்தை எடுத்து, இலையில் ஊற்றிய பாயாசத்தின் மேல் நொறுக்கிப் போட்டாள். மட்டிப்பழத்தை உரித்துப் பிசைந்தாள். வழித்து முடித்தாள். இலையை மூடவில்லை, இடது பக்கம் இருந்த சோற்றை நடுவுக்கு இழுத்து, ரசத்துக்குக் குழி பறித்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். ரசம் முடிந்ததும் இரண்டு கையையும் குவித்து நீட்டினாள், மோருக்கு.

அம்மா மோர்ச்செம்போடு நின்றுவிட்டாள். "இத இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையில் நான் சமைப்பேன். டப்பா தேங்காய்ப்பாலில் சேமியாப் பாயாசம், கடையில் வாங்கின பப்படம், பெரிய மஞ்சள் வாழைப்பழம். நான் நாஞ்சில் நாட்டுக்காரி; சாம்பாருக்குப் பிறகு பாயாசத்தை ஊற்றினேன், பிறகு ரசம் கொடுத்தேன். வேறு மாதிரியும் சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளும் இந்தியா முழுக்க இதுதான் சட்டம் என்று நம்பிவிட்டாள். அங்கே ஒரு இந்திய ஓட்டலில் பாயாசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் பிசைந்துவிட்டு, ரசம் எங்கே என்று பஞ்சாபி சர்வரிடம் சண்டைக்கே போய்விட்டாள். இதை நான் சொல்லச் சொல்ல அப்பா இலைமேல் குனிந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தோழியின் குவிந்த கைகளில் மோரை ஊற்றினாள். அவள் குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்பம் இவளுக்கு வாராவாரம் எல போட்டிருக்க. பிரதமன் வச்சுக் குடுத்திருக்க. எனக்கு ஒரு நாள், ஒரு சாயா போட்டுத் தந்திருக்கியாட்டி?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. தோழி, என்ன சொல்கிறார் என்று என் முழங்கையை இடித்தாள். மொழிபெயர்க்க முடியவில்லை.

சாயங்காலம் நான் அடுப்படிக்குப் போனேன். அம்மாவை உள்ளே விடவில்லை. பால், தூள், சீனி எல்லாம் எங்கே இருக்கிறது என்று தேடி எடுக்கவே நேரம் ஆயிற்று. நாலு பேருக்கும் சாயா போட்டு முதல் தம்ளரை அம்மாவுக்குக் கொடுத்தேன். ஊதி ஊதி ஒரு வாய் குடித்தாள். அப்பா பேப்பரை இறக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"சீனி கூடிப்போச்சு" என்றாள். "அங்க திரும்பிப் போயும் இப்பிடிப் போட்டுக் குடுத்து அந்தப் பிள்ளைக்குச் சீக்கு வருத்திராத."