இசக்கிசெல்வி கேட்டு வாங்கிய மருந்து

பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் தோசை சுடும் இசக்கிசெல்விக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடமாகிறது. முழங்கையில் சோரியாசிஸ் தடிப்பு வந்து மூன்று. யாரோ சொன்னார்களென்று போன வருடம் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்கினாள். பத்தே நாளில் தோல் தெளிந்தது, சர்க்கரையோ நானூறைத் தொட்டது. மாத்திரையை நிறுத்தியதும் தடிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பியது.

இந்த மழைக்காலத்தில் அரிப்பு அதிகமானதும் புதிய கிளினிக் ஒன்றுக்குப் போனாள். இளம் டாக்டர் சீட்டை நீட்டினார்.

"இது ஸ்டீராய்டு குளிகையா, டாக்டரே?"

"ஆமா, சீக்கிரம் குறையும்."

"எனக்கு ஷுகர் உண்டு. போன தடவ நானூறுக்குப் போயிட்டு. பூசுற மருந்து எழுதுங்க, மெல்லக் குறைஞ்சாப் போதும்."

டாக்டர் சீட்டைத் திரும்ப வாங்கினார். "ஷுகர் உண்டான்னு நான்தான் கேட்டிருக்கணும். சோரியாசிஸுக்கு இந்தக் குளிகை வேண்டாம்னுதான் கைட்லைனும் சொல்லுது." மாத்திரையை அடித்துவிட்டுக் களிம்பு எழுதினார்.

தடிப்பு அடங்க இரண்டு மாதமானது. முழுவதும் போகவில்லை, சர்க்கரை ஏறவுமில்லை. இப்போது முழங்கையை மறைக்காமல் அரைக்கை ஜாக்கெட்டோடு கல்லின் முன் நிற்கிறாள். கையைப் பார்த்து யாராவது தயங்கினால், "சோரியாசிஸ்தான், ஒட்டாது" என்று சொல்லிவிட்டு அடுத்த தோசையை ஊற்றுகிறாள்.