அறுபதில் ஆடிய வண்டி

என் பிக்கப் வண்டிக்கு நாலு புது டயர் போட்டேன். மறுநாள் காலையில் சாத்தூர் நாலுவழிச் சாலையில் வேகம் அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் வெடவெடவென்று ஆடியது. ஐம்பதில் ஒன்றுமில்லை. எழுபதுக்குப் போனால் பல்லோடு பல் தட்டியது. முந்தின நாள் சாயங்காலம் விருதுநகரில் டயர் மாட்டிக்கொண்டு வரும்போது இதே வண்டி இதே ரோட்டில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்திருந்தது. வாசலில் சும்மா நின்ற வண்டிக்கு விடிவதற்குள் என்ன வியாதி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

என் கெட்ட நேரம், அன்றைக்குப் பக்கத்து சீட்டில் பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன் அண்ணாச்சி இருந்தார். குடோனைப் பார்க்க அவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். அவர் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா, இந்த ஆட்டத்துல பெட்டியும் பெட்டியும் ஒரசிச்சுன்னா என்ன ஆகும்னு ஒனக்கு நான் சொல்லணுமா? திங்கக்கிழமை சீசனோட மொத லோடு. அதுக்குள்ள சரி பண்ணிட்டு வா. இல்லன்னா இந்த சீசனுக்கு வேற வண்டி பாத்துக்கிடுறேன்."

அவர் பேச்சில் தப்பில்லை. எங்கள் பக்கம் பட்டாசு விபத்து நடந்தால் மறுநாள் பேப்பரில் உராய்வு என்றுதான் போடுவார்கள். ஆனால் தீபாவளி சீசன் கையை விட்டுப் போனால் வருஷம் முழுக்க நானும் என் வண்டியும் வாசலில் நின்று வெயில் காய வேண்டியதுதான். என் இடத்தைப் பிடிக்க, அடுத்த தெருவில் ஒருத்தன் தன் பிக்கப்பைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

டயர் நேற்று நன்றாக ஓடியதால் குற்றம் டயரில் இல்லை என்று முடிவு கட்டினேன். மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஷாஃப்ட்டைக் கழற்றினார், பேரிங்கை மாற்றினார், வண்டிக்கு அடியில் படுத்து எதை எதையோ தட்டிப் பார்த்தார். ஓட்டிப் பார்த்தால் அறுபதில் அதே ஆட்டம். ரோட்டோரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை டயர் கடைக்கே போனேன். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி மெஷினில் சுற்றவிட்டார். "அண்ணே, ரிம் ஓரத்துல நாங்க அடிச்ச ஈயத் துண்டு ஒண்ணுகூட இல்லையே. அந்தக் கனம் இருந்தாத்தான் சக்கரம் சமமாச் சுத்தும். எங்கனயோ உதிந்து போச்சு போல" என்று புதுத் துண்டுகளை அடித்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது எண்பதில் போனேன். ஒரு விரலால் பிடித்து ஓட்டினேன். டீக்கடையில் நிறுத்தி, தெரியாத ஆளுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுக்கலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் ஆடியது.

வண்டியை டயர் கடைக்கே திருப்பினேன். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி ரிம்மைக் காட்டினார். "உதிரல அண்ணே. குறடு வச்சு நெம்புன தடம் இருக்கு பாருங்க. யாரோ வேணும்னே கழட்டுறாங்க."

யார் என்று நான் யோசிக்கவே இல்லை. அடுத்த தெருக்காரன் முகம்தான் கண்ணில் நின்றது. கடைக்காரர் அடித்துக் கொடுக்கிறேன் என்றதைக்கூடக் கேட்காமல், அதே ஆட்டத்தோடு வீட்டுக்கு வந்தேன். வேலை முடிந்து வந்திருந்த என் மனைவி அப்போதுதான் உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் பட்டாசு வேலைக்குப் போகிறவள். கொலுசு போட மாட்டாள், தலையில் ஊசி குத்த மாட்டாள். நான் லோடு ஏற்றப் போகிற காலையில் என் சட்டைப் பையில் கைவிட்டுச் சில்லறையை எடுத்துவிடுவாள். சாவிக்கொத்தில் வண்டிச் சாவியைத் தவிர எதையும் விட மாட்டாள். போலீஸ்கூட இப்படிச் சோதனை போடாது என்று நான் கேலி பண்ணுவேன். அவளுடைய அக்கா மருந்துக் கலவை அறை வெடித்ததில் போய்ச் சேர்ந்தவள். தரையில் கிடந்த ஏதோ ஒரு இரும்புத் துணுக்கு உரசியதாகச் சொன்னார்கள்.

வண்டிச் சமாச்சாரத்தை நான் வீட்டில் பேசுவதில்லை. அன்றைக்கு வாய்க்கு வந்தபடி கத்தினேன். "எவனோ என் சக்கரத்துல இருக்க ஈயத்தப் பிடுங்குறான். அதான் வண்டி ஆடுது. இன்னைக்கு அவன் வீட்டு வாசல்ல போயி நாலு கேள்வி கேக்காம விட மாட்டேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். "இங்கன வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் நடந்தாள்.

குளியலறைக்குப் பின்னால் ஒரு பழைய வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. கம்பெனியில் சிந்திய மருந்தையும் கழிவையும் தண்ணீரில் அமுக்கித்தான் வைப்பார்கள். அதே பழக்கத்தில், வாளித் தண்ணீருக்கு அடியில் என் சக்கரத்து ஈயத் துண்டுகள் கிடந்தன.

"புது டயரு மாட்டிட்டு வந்த அன்னைக்கு, சந்தனம் வைக்கயில பாத்தேன். பளபளன்னு ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஈயமோ இரும்போ எனக்கு என்ன தெரியும்? கம்பெனி வாசல்ல உதிந்து, யாரு காலாச்சும் மிதிச்சு ஒரசுனா? நீங்க உள்ள நிப்பீகளே. அதான் கழட்டிப்புட்டேன். நேத்து பாத்தா மறுபடியும் இருந்துச்சு. இன்னைக்கு வெள்ளிக்கெழம கழுவயில திரும்பக் கழட்டுனேன்." வாளியைப் பார்த்தபடி கேட்டாள். "அப்ப, இம்புட்டு நாளும் ஒங்கள ஆட்டுனது நான்தானா?"

அடுத்த தெருக்காரனுக்காகச் சேர்த்து வைத்திருந்த வசவு முழுவதும் வீணாகப் போனது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வாளித் தண்ணீரைப் போலக் குளிர்ந்திருந்தது.

சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அடித்த ஒவ்வொரு துண்டையும் அவள் நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை என்ற பிறகுதான் அடுத்த சக்கரத்துக்குப் போனாள். திங்கட்கிழமை ஃபோர்மேன் அண்ணாச்சி சாத்தூர் வரை உட்கார்ந்து வந்து, "சரிப்பா, ஏத்திக்க" என்றார்.

சீசன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. லோடு ஏற்றப் போகிற காலையில் என் பையிலிருந்து சில்லறையை எடுத்த பிறகு, அவள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் குந்தி ஈயத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். பிடுங்குவதில்லை.

"உதிராதுல்ல?" என்று கேட்கிறாள்.

"உதிராது" என்கிறேன். கிளம்பிய பிறகு, ஐம்பதைத் தாண்டும்போது, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.