ஜூல் எழுதிக் கொடுத்த தாள்

ஜூல் லக்ரோஷுக்குக் கடவுளைவிடக் காகிதத்தில் நம்பிக்கை அதிகம். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காரைக்காலில் அவருடைய பாட்டனார் ஒருநாள் காலையில் பத்திரம் பதிகிற நோத்தேர் ஆபீசுக்குப் போய், "எங்கள் குலவழக்கம், சாதிவழக்கம் எல்லாவற்றையும் விட்டோம், இனி பிரெஞ்சுச் சட்டமே எங்கள் சட்டம்" என்று ஒரு தாளில் ஒப்பம் போட்டார். காலையில் சின்னத்தம்பியாகப் போன மனுஷன், மத்தியானம் லக்ரோஷாகத் திரும்பி வந்து மீன்குழம்பு சாப்பிட்டார். ஒரு தாள் மனுஷனுடைய பேரையும் நாட்டையும் மாற்றிப்போடும் என்றால், வேறு என்னதான் செய்யாது? அந்த வீட்டில் பிறந்த பிள்ளை அப்படித்தான் நினைக்கும்.

சைகோனுக்கு அவர் வந்தது 1930-இல். வந்த மூன்றாம் மாசமே நகரசபையில் சந்தைப் பிரிவுக் குமாஸ்தா. நகரசபையைப் பாண்டிச்சேரி வழக்கப்படி 'மேரி' என்றுதான் கடைசிவரை சொன்னார். எந்தச் சந்தையில் எந்தக் கடை யாருக்கு, எத்தனை முழ அகலம், எத்தனை வருஷக் குத்தகை என்று கடைச்சீட்டு எழுதுவதுதான் வேலை. அவர் எழுத்தைப் பார்க்க வேண்டுமே, அடடா! உருண்டையாக, சாய்வாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் ஓடும். தட்டச்சு இயந்திரம் வந்தபிறகும் கடைச்சீட்டு மட்டும் ஜூல் கையால்தான் என்று பிரிவில் எழுதாத சட்டம். வியாபாரிகள் அந்தச் சீட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கடையில் மாட்டி வைத்தார்கள். கையெழுத்து அழகாயிருந்தால் தலையெழுத்து அழகாயிருக்காது என்பார்கள். ஜூல் விஷயத்தில் அந்தப் பழமொழி ஆளை மாற்றிப் பிடித்துக்கொண்டது.

ஜப்பான்காரன் வந்தான், போனான். பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்தான், சண்டை போட்டான், தோற்றுப் போனான். மேரிக் கட்டடத்தின்மேல் கொடி மாறிக்கொண்டே இருந்தது. கீழே ஜூலின் நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு எண்ணம் ஊறிவிட்டது: மேலே யார் வேண்டுமானாலும் ஆண்டுவிட்டுப் போகட்டும், சந்தை மேரியினுடையது, மேரி கொடுத்த சீட்டை எவனும் தொட முடியாது.

இங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். நகரசபைக்கென்று சொந்தமாக ஒரு பிடி அதிகாரம் எங்கே இருந்தது? இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவள் கதைதான். கொடுத்தவள் பந்தி நடுவில் வந்து கழற்றிக் கேட்டாலும் கொடுத்துத்தான் ஆகவேண்டும். பிரெஞ்சுக்காலத்தில் ஓட்டுப் போட்டு வந்த கவுன்சிலர்கள் ஒரு சாக்கடைக்காக மூன்று மாசம் கத்துவார்கள். கத்தட்டும் என்று மேலே இருந்தவர்கள் விட்டுவைத்தார்கள், அவ்வளவுதான். புது அரசாங்கத்தில் அந்தக் கத்தலும் இல்லை. நகரத்தலைவரையே மேலிடம்தான் நியமித்தது. இருபத்தாறு வருஷம் சீட்டு எழுதின குமாஸ்தாவுக்கு இது தெரியாதா என்றால், தெரியாது! சீட்டைத்தான் எழுதினார், சட்டத்தைப் படிக்கவில்லை.

1956 செப்டம்பரில் அந்தச் சட்டம் வந்தது. அந்நியக் குடிகள் இன்ன இன்ன தொழில் செய்யக்கூடாது என்று பதினொரு தொழில். சில்லறைத் துணி வியாபாரம் அதில் ஒன்று. ஆறு மாசத்துக்குள் கடையை வியட்நாம் குடிகள் பேருக்கு மாற்றவேண்டும், அல்லது மூடவேண்டும்.

மறுநாள் காலையிலேயே பக்கீர் மைதீன் ஜூலின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். காரைக்கால் ஆள். சீனர் பேட்டையான சோலோனுக்குப் போகிற வழியில் ஒரு நடுத்தரச் சந்தையில் பதினெட்டு வருஷமாகத் துணிக்கடை. அவருடைய பெண்சாதி இந்த ஊர்க்காரி, ஒரு பிள்ளையும் உண்டு. அவளைக் கலிமா சொல்லவைத்து, மதார் பீவி என்று பேர் வைத்து, பள்ளிவாசலில் நிக்காஹ் செய்துகொண்டார். இந்த ஊரில் நம் துணிக்கடைக்காரர்கள் பலருக்கும் அதுதான் வழக்கம். பள்ளிவாசலோடு சரி, மேரியில் போய்ப் பதிய மாட்டார்கள். ஆகவே சர்க்கார் கணக்கில் மதார் பீவி இன்னும் கல்யாணம் ஆகாத வியட்நாம் குடி.

"அண்ணே, எல்லாரும் கடைய வூட்டுக்காரி பேருக்கு மாத்துறாங்க. பீவியும் மாத்துங்க மாத்துங்கன்னு நச்சரிக்கிறா. மாத்திடவா?" என்று கேட்டார் மைதீன்.

ஜூல் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உம்ம சீட்டு எந்த வருஷம் வரைக்கும் பாய்?"

"அறுபத்திரண்டு."

"யார் எழுதினது?"

"நீங்கதான் அண்ணே."

"அப்புறம் என்ன? மேரி பத்து வருஷத்துக்குக் குடுத்திருக்கு. புதுச் சட்டம் புதுசா கடை கேக்குறவனுக்கு. பொம்பள முந்தானையில போய் ஒளிஞ்சுக்கப் போறீராக்கும்! பதினெட்டு வருஷம் ஆம்பளயா நின்னு யாவாரம் பண்ணிட்டு?"

மைதீன் நெளிந்தார். அவருக்கும் உள்ளூர அதுதான் உறுத்தல். ஊரில் தம்பி இருக்கிறான், சொந்தபந்தம் இருக்கிறது. கடை ஒரு பெண்ணின் பேரில் என்றால் என்ன பேசுவார்கள்? இருந்தாலும் வியாபாரி அல்லவா, "இத ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா பீவி வாய அடச்சிருவேன்" என்றார்.

எழுதிக் கொடு என்று யாராவது கேட்டால் ஜூலுக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி. மேரியின் தலைப்பு அச்சிட்ட தாள் ஒன்றை உருவினார். 'இன்ன எண் கடை 1962 முடிய நகரசபையின் குத்தகைப் பாதுகாப்பில் உள்ளது. புதிய சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது' என்று பிரெஞ்சில் எழுதினார். கீழே 'சந்தைப் பிரிவு' என்று மட்டும் போட்டார். குமாஸ்தா தன் பேரில் ஒப்பம் போடுவது முறையில்லை என்று அவருக்குத் தெரியும். அந்த முறை மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது!

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது ஊர்வழக்கம். இங்கே பூசாரி வாரிக் கொடுத்துவிட்டான். சாமியைக் கேட்கத்தான் யாருமில்லை.

ஆறு மாசம் ஓடியது. பக்கத்துக் கடை, எதிர்க்கடை, மூலைக்கடை எல்லாம் பெண்சாதிமார் பேருக்கு மாறின. மதார் பீவி அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் அடுப்பு மூட்டாமல் கிடந்தாள். மைதீன் அந்தத் தாளை எடுத்து அவள் முன்னால் விரித்து, "இத எழுதினவரு யாரு தெரியுமா?" என்பார். அவளுக்குத் தமிழ் பேச வரும், பிரெஞ்சு படிக்க வராது. எழுத்தின் அழகைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

1957 மார்ச்சில் கெடு முடிந்த மறுநாள், சந்தைக்கு ஆட்கள் வந்து மைதீன் கடைக்கு ஈயமுத்திரை வைத்தார்கள். வந்தவர்கள் வேறு யாருமில்லை, நகரசபை ஆட்கள்தான். கடை கொடுத்த கையே கடையைப் பூட்டியது. மைதீன் தாளை நீட்டினார். அதைப் படித்த அதிகாரி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவரையும் வண்டியில் ஏறச் சொன்னார்.

அன்று பதினோரு மணிக்குப் பிரிவுத் தலைவர் ஜூலை அறைக்குள் கூப்பிட்டார். வயதில் ஜூலைவிடப் பதினைந்து வருஷம் இளையவர், வியட்நாம்காரர், ஒருபோதும் குரலை உயர்த்தாதவர். மேசைமேல் அந்தத் தாள்.

"முசே லக்ரோஷ், இது பதிவேட்டில் இல்லை. சட்டத்தை மீறி வாக்குக் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. நகரத்தலைவருக்கும் இல்லை. இதை எழுதியது யார்?"

ஜூல் தாளைப் பார்த்தார். ஐயோ, அந்த எழுத்து! பிறந்த குழந்தையும் சொல்லிவிடும் யார் எழுத்து என்று.

தலைவர் சிரித்தார். "அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். நகரசபை ஊழியர் எழுதியது என்றால், அந்நியக் குடியான ஒருவர் தனக்கு இல்லாத அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார் என்று உள்துறைக்கு எழுதவேண்டியிருக்கும். ஊழியர் யாரும் எழுதவில்லை என்றால், வியாபாரி போலித்தாள் செய்தான் என்று முடிந்துவிடும். உங்களுக்குப் பென்ஷனுக்கு இன்னும் எத்தனை மாசம்?"

"பதினொன்று."

"சொல்லுங்கள்."

வெளியே வராந்தாவில், கதவுக்கு அந்தப்பக்கம், மைதீன் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். ஜூலுக்கு அது தெரியும். உள்ளே வரும்போது பார்த்துவிட்டுத்தான் வந்தார். மைதீன் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, அண்ணன் வந்தாச்சு, இனி பயமில்லை என்பதுபோலப் பாதி எழுந்திருந்தார்.

"என் எழுத்து இல்லை" என்றார் ஜூல்.

"நல்லது. அப்படியே ஒரு அறிக்கை எழுதிக் கொடுங்கள். உங்கள் எழுத்து அழகாயிருக்கும்."

எழுதினார். பாவி மனுஷன், உட்கார்ந்து எழுதினார்! 'மேற்படி தாள் இந்தப் பிரிவில் எவராலும் எழுதப்படவில்லை' என்று அதே உருண்டை எழுத்தில், அதே சாய்வில், அடித்தல் திருத்தல் இல்லாமல். தலைவர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே குண்டூசியில் குத்தினார். கண் உள்ளவன் எவன் அந்தக் கட்டைப் பிரித்தாலும் உண்மை தெரிந்துவிடும். பிரித்துப் பார்க்க எவனுக்கும் அவசியமில்லை என்று தலைவருக்குத் தெரியும், ஜூலுக்கும் தெரியும். போகும்போது பக்கத்துக் கதவு வழியாகப் போகலாமா என்று ஜூல் கேட்டார். போகலாம் என்று தலைவர் சொன்னார்.

வீட்டில் அவர் மனைவி ஒடெட் எல்லாம் கேட்டுவிட்டு, "நல்ல வேளை, அந்த மாதா காப்பாத்தினா" என்றாள். ஜூல் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார்.

ஒன்பதாம் நாள் மதார் பீவி வாசலில் வந்து நின்றாள். மைதீனை நாடு கடத்தத் தீர்ப்பாகிவிட்டது. கடையைக் குலுக்கல் போட்டு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. மேலே மனுப் போட்டால் தண்டனை குறையலாம் என்று காவலன் ஒருவன் சொன்னானாம்.

"அண்ணே, அவுக ஒங்களத்தான் கூட்டியாரச் சொன்னாக. ஒங்களக் கூப்புட்டுக் கேட்டிருந்தா நீங்க உம்மையச் சொல்லிருப்பீங்கன்னு அவுக தெனமும் சொல்றாக. நீங்க எழுதுனா கேப்பாங்களாம்."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, அது ஜூலுக்குக் கிடைக்கவில்லை. போனார்.

காவல்நிலையத்துப் பின்கட்டில் ஒரு மேசை. மைதீனுக்குத் தாடி ஒழுங்கில்லாமல் வளர்ந்திருந்தது, தலையில் தொப்பி இல்லை. "வாங்கண்ணே, சிரமம் குடுத்துட்டேன்" என்று உட்கார நாற்காலியைத் துடைத்தார். "என்னையப் போயி போலித்தாள் பண்ணவன்னு சொல்லிட்டானுவ. அன்னிக்கு அந்தத் தலைவன் ஒங்கள விசாரிக்கவே இல்ல போல. உள்ள போனீங்க, அப்புறம் ஆளயே காணோம். பரவால்ல. மனுவ நீங்க எழுதுனீங்கன்னா, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாலே போதும், அல்லா இருக்கான்."

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது! மனு அதே கட்டில்தான் போய்ச் சேரும். மேலே ஒருவன், ஒரே ஒருவன், மூன்று தாளையும் சேர்த்துப் பார்த்துவிட்டால்?

ஜூல் தாளை நேராக வைத்தார். பேனாவைத் திறந்தார். திறந்துவிட்டு, இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

முதல் வரி கோணல்மாணலாக ஏறி இறங்கியது. பால்வாடிப் பிள்ளை எழுதினாற்போல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்று நடுங்கியது.

"வலது கையில என்னண்ணே?" என்று மைதீன் கேட்டார்.

"வலி. நாலு நாளா."

"வர்ற வழியில என் கொடைய அந்தக் கையாலதானே புடிச்சிட்டு வந்தாக" என்றாள் மதார் பீவி. அவள் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. அவளுக்கு அது தோன்றியது, சொன்னாள்.

மைதீன் அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜூல் நிமிரவில்லை. இரண்டாவது வரியின் நடுவில் மை கொட்டியது. மைதீன் தன் மனைவியிடம் வியட்நாமியில், மெதுவாக, "எழுதவில்லை என்று சொன்னது இவர்தான்" என்றார். இருபத்தாறு வருஷம் அந்த ஊரில் இருந்த ஜூலுக்கு அது புரிந்தது.

மதார் பீவி வாயைப் பொத்திக்கொண்டாள். மைதீன் கத்துவார், மேசையைக் கவிழ்ப்பார் என்று ஜூல் எதிர்பார்த்தார். அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. மைதீன் அந்த மனுவை எடுத்து நாலாகக் கிழித்தார். ஜூலின் இடது கையிலிருந்து பேனாவை வாங்கி, அவருடைய வலது கையைப் பிடித்து விரல்களைப் பிரித்து, அதற்குள் வைத்தார்.

"மனு வேணாம்ணே. காரைக்கால்ல என் தம்பிக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. எனக்கே தமிழ் எழுத வரும். ஆனாலும் நீங்க எழுதுங்க. இது எந்தக் கட்டுலயும் போய்ச் சேராது, பயப்படாதீங்க."

ஜூல் வேறு தாள் எடுத்தார்.

"அன்புள்ள தம்பி அபுல் ஹசனுக்கு. நான் அடுத்த கப்பல்ல வாரேன். தனியாத்தான் வாரேன். எங்க நிக்காஹ் மேரியில பதியல. அதனால ஒன் மதினிய என் சம்சாரம்னு சொல்லிக் கப்பல்ல ஏத்த மாட்டாங்களாம். அவளும் புள்ளையும் இங்கதான். கடை இல்ல. இருந்த கடைய அவ பேருக்கு எழுதி வைக்கலாம்னு அவ சொன்னா. நான்தான் கேக்கல. எழுதிட்டீங்களாண்ணே?"

"எழுதிட்டேன்."

"படிச்சுக் காட்டுங்க. அவளும் கேக்கட்டும்."

ஜூல் படித்தார். மைதீன் கடைசி வரி வரைக்கும் கேட்டார். பிறகு தாளை வாங்கி ஒப்பம் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"நல்ல எழுத்துண்ணே ஒங்களுக்கு" என்று சொல்லி, மதார் பீவியிடம் கொடுத்தார்.