இரண்டாவது கட்டத்தில் ஒரு டிக்

வீட்டில் அவளுக்கு ஆடிட்டர் என்று பெயர். வைத்தவர் புருஷன். அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். அவள் பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று கம்பெனி சொல்லிவிட்டது. சம்பளம் பாதியானது. வேறு யாராக இருந்தாலும் வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டிவந்ததை நிறுத்தியிருப்பார்கள். இவளா? சாயங்கால டீயை நிறுத்தினாள். ஷாம்பூ பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினாள். அவர் பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்த அன்றைக்கு வீடே ரெண்டுபட்டது.

"சிறுகக் கட்டிப் பெருக வாழ்னு சொல்வாங்க. நாம சிறுகக் கட்டி சிறுகத்தான் வாழறோம்" என்று சிரித்துக்கொண்டே அவரும் பஸ் காசை மிச்சம் பிடிக்க இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்து வந்தார். அவருடைய அறுபது வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்பது அவள் வைராக்கியம்.

இன்று மத்தியானம், அசல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்க பேங்குக்குப் போனாள். கவுன்டர் பெண் திரையைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"நீங்க கூடக் கட்டினது அசல்ல கழியலையே மேடம். வரப்போற மாசங்களுக்கு முன்கூட்டிய தவணையா நிக்குது."

"என்னம்மா சொல்றே?"

நாலு வருஷத்துக்கு முந்தைய ஃபாரம் அவள் பக்கம் திரும்பியது. இரண்டு கட்டங்கள். 'அசலில் கழிக்க' என்பது காலி. 'முன்கூட்டிய தவணையாக வைக்க' என்பதில் வால் நீண்ட ஒரு டிக். அவள் போட்டதேதான்! வாடகை வீடுகளில் வளர்ந்தவள். மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற சத்தத்துக்கு அவளும் தங்கையும் சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கேட்பதற்கு முன்னால் கட்டிவிடுவதுதான் கௌரவம் என்று நினைத்துப் போட்ட டிக் அது. நாலு வருஷமாக வட்டியில் ஒரு காசுகூடக் குறையவில்லை.

"இதுல நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, மொத்தத்தையும் அசல்ல கழிச்சுடறோம். ஆனா தவணைய மாசா மாசம் தவறாம கட்டணும்."

புது ஃபாரத்தோடு வீட்டுக்கு வந்து காத்திருந்தாள். எந்த முகத்தோடு சொல்வது? அந்த மனுஷனை ஒரு பிஸ்கட்டுக்கு அந்தப் பேச்சு பேசினோமே! வழக்கமாக அவர் இடுப்பில் தொங்கும் கம்பெனிச் சாவிக்கொத்து படியிலேயே கலகலக்கும். இன்று சத்தமே இல்லாமல் வந்து, ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் அதைக் கவனிக்கவில்லை. பட்டென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"திட்டுங்க. நல்லா திட்டிடுங்க. என் புத்திய எதால அடிக்கிறதுன்னே தெரியல" என்று முடித்து, தன் கையெழுத்தைப் போடப் பேனாவைத் திறந்தாள்.

"இரு" என்றார் அவர். "எத்தனை மாசத் தவணை நிக்குது?"

"பதினாலு."

"பதினாலா?" அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. "நல்லா பாத்தியா?"

"பாத்தேன். ஏங்க?"

"ஒன்னாந்தேதியிலேர்ந்து அந்த மூணு நாளும் கிடையாது. போன வாரமே சொல்லிட்டாங்க, உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. இன்னிக்கு சாவியையும் வாங்கிட்டாங்க."

அப்போதுதான் அவர் இடுப்பைப் பார்த்தாள். டோக்கன் கொடுக்கிற சம்பளத்தில் அரைத் தவணைகூடத் தேறாது. பேனா முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. பேனாவை மூடினாள்.

"ஏன் ஆடிட்டரே" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அப்போ பதினாலு மாசத்துக்கு யாரும் வந்து கதவத் தட்ட மாட்டாங்க, இல்ல?"

"தட்ட மாட்டாங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.