அழுகைக்கு வைத்த பேர்

துடியலூர்ப் பக்கம் ஒரு மில்லில் நூல் சுற்றும் ரீலிங் வேலை பார்த்தவள் சாமியாத்தாள். ஐம்பத்தாறாம் வருஷம் ஆடியில் அவளுடைய ஒரே மகள் மயிலாத்தாள் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஒன்பது வயசு. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதபோது சாமியாத்தாளுக்குச் சொற்கள் தாமாகவே வந்தன.

"மஞ்சச் சட்ட தெச்சு வெச்சேன் மயிலு,
மாத்திப் போட நீ எங்கே மயிலு..."

மில் லைன் வீடுகளில் குடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் உடைந்து போனார்கள். அதற்குப் பிறகு எந்த எழவு வீட்டிலும் அவளைத் தேடினார்கள். அவளும் போனாள். வாயில் வந்தது செத்தவர் பேர். உள்ளுக்குள் அழுதது மயிலுக்கு. அழுதுவிட்டு வந்தால் நாலு நாளைக்குச் சோறு இறங்கும். இது அவள் புருஷன் குமாரசாமிக்கு மட்டும் தெரியும்.

அறுபத்தொன்றில் ஒருநாள் மில் கணக்கர் பாலகோபால் வீடு தேடி வந்தான். தொழிலாளர் படிப்பகத்தின் செயலாளர் அவன்தான். நல்ல பையன்.

"அக்கா, நம்ம ஆண்டு விழாவுல கவியரங்கம் வெக்கறோமுங்க. நீங்க ஒரு கவிதை சொல்லோணும்."

"கவிதைன்னா என்னங்க தம்பி?"

"மனசுல இருக்கறதச் சந்தத்தோட சொன்னா அது கவிதைங்க. செய்யுள்னு சொல்லுவாங்க, பான்னு சொல்லுவாங்க, எல்லாம் ஒண்ணுதான். மயிலுக்கு நீங்க பாடினீங்களே, அது கவிதைங்க."

"நான் பாடலீங்க. அழுதேன்."

"அதுக்கும் பேரு கவிதைதானுங்க அக்கா."

அவன் போனபின் அந்தச் சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். தன் அழுகைக்கு ஒரு பேர் இருப்பது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாலு பேர் நடுவில் மயிலு பேரைச் சொல்லலாம் என்றும் தோன்றியது.

விழாவில் நிலவைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் கவிதை படித்தவர்களுக்குப் பிறகு அவளை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். இரண்டாவது வரி முடிந்ததும் கூட்டம் கைதட்டியது. அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"அந்த வரியை இன்னொருக்காச் சொல்லுங்கம்மா," என்றார் தலைமை வகித்த புலவர். நல்ல வரியைத் திருப்பிக் கேட்பது கவியரங்க வழக்கம். அது அவளுக்கு எப்படித் தெரியும்? கேட்கிறார்களே என்று சொன்னாள். சொல் வந்தது, கண்ணீர் வரவில்லை.

ஆண்டு மலரில் அதை அச்சடித்தார்கள். குமாரசாமி எழுத்துக்கூட்டிப் படித்தான்: "மஞ்சள் சட்டை தைத்து வைத்தேன் மயிலே..." மேலே 'கவிதை' என்ற தலைப்பும், பக்கத்தில் தோகை விரித்த ஒரு மயில் படமும் இருந்தன.

"எம்புள்ள பேரு எங்கீங்க?" என்று கேட்டாள். அவன் 'மயிலே' என்ற இடத்தில் விரலை வைத்தான்.

அந்த மாதமே பக்கத்து வீட்டு ரங்கநாயகியின் புருஷன் இறந்துபோனான். சாமியாத்தாள் போய் அவளைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தாள். கைதட்டல்தான் காதில் கேட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

"மேடையேறுனவ இனி எழவு ஊட்டுல அழுவாளா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மறுநாள் மில் வாசலில் பாலகோபாலைப் பார்த்துச் சொன்னாள்: "தம்பி, அது கவிதையாவே இருக்கட்டுமுங்க. எனக்கு இப்ப அழுகை வர மாட்டேங்குது." அவன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை.

அறுபத்தேழில் குமாரசாமியும் போய்விட்டான். அவள் என்ன சொல்லி அழப் போகிறாள் என்று சொந்தபந்தம் எல்லாம் காத்திருந்தது. அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். ரங்கநாயகி வந்து அவள் முதுகில் கை வைத்தபோதும் ஒரு சொல் வரவில்லை.