அடுத்த வருடத்துத் தேதி

கம்ப்யூட்டரைப் போட்டதும் அக்கா முதலில் செய்வது அதன் கடிகாரத்தைச் சரிசெய்வது. ஆறு வருடமாக இதே கதை. உள்ளே இருக்கும் பொத்தான் அளவு பேட்டரி செத்துப்போனதால், ஒவ்வொரு முறையும் தேதி பன்னிரண்டு வருடம் பின்னால் போய் நிற்கும். "ஞாயித்துக்கிழமை புதுசு வாங்கணும்" என்பாள். துணிக்கடையில் பில் போடுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தலைக்கு மேல் வேலை. பேட்டரி வந்தபாடில்லை.

பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருவாள். வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு, ஊர் கட்டும் விளையாட்டைத் திறப்பாள். அவளும் தம்பியும் நான்கு வருடமாகச் சேர்ந்து கட்டி வரும் ஊர் அது. தம்பி குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேறு நகரத்தில் அறை எடுத்து வேலை தேடிக்கொண்டிருந்தான். ஊரின் கோப்பு கிளவுடில் ஒரு ஃபோல்டரில் இருக்கும். அவன் ஆடியது அவளுக்கு வரும், அவள் ஆடியது அவனுக்குப் போகும். எது பிந்திய தேதியோ அதை வைத்துக்கொண்டு ஃபோல்டர் மற்றதை அழித்துவிடும். அதனால்தான் மானிட்டர் ஓரத்தில் அவன் ஒரு சீட்டு ஒட்டியிருந்தான்: முதலில் மணி, பிறகு நெட், பிறகு ஊர்.

அந்த ஊரில் எல்லோருக்கும் வீடு உண்டு. ஆற்றுக்கு அப்பால் இருக்கும் மேட்டு நிலம் மட்டும் காலி.

"மேயரம்மா, அங்க உங்களுக்கு ஒரு வீடு கட்டிக்கக் கூடாதா?" என்று போனில் கேட்டான் தம்பி.

"பாலம் இல்லாத இடத்துல வீட்டைக் கட்டிட்டு, நான் நீந்தியாடா வேலைக்குப் போறது?"

அவளிடம் சொல்லாமலே அவன் பாலம் போட ஆரம்பித்தான். காலையில் இண்டர்வியூ, மாலையில் பாலம். இண்டர்வியூவில் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். பாலம் பதினோரு மாலைகளில் முடிந்தது. அந்த வருடத்தில் அவன் தொடங்கி முடித்த ஒரே காரியம் அதுதான்.

பன்னிரண்டாம் நாள் திறந்தால் பாலத்தைக் காணோம். ஆறு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஆத்துல பாலம் போட்டிருந்தேனே, நீ இடிச்சியா?"

"எந்தப் பாலம்டா? தள்ளுபடி ஆரம்பிச்ச அன்னிக்கு நெட் இல்லாம கால் மணி நேரம் ஆடினேன், அப்படியே தூங்கிட்டேன். அப்புறம் நேத்துதான் கம்ப்யூட்டரையே போட்டேன். இடிக்கறதுக்கும் தெம்பு வேணாமா?"

அவன் கோப்பின் தேதியைப் பார்த்தான். நாளும் மாதமும் சரி. வருடம் மட்டும் அடுத்த வருடம். தள்ளுபடி தொடங்கிய அன்று பகல் முழுக்க அவள் அடுத்த வருடம் வரை செல்லும் சலுகைச் சீட்டுகளில் தேதி அடித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தும் கை அதையே அடித்துவிட்டது. பதினோரு நாளாகத் தூங்கிக் கிடந்த பழைய ஊர், நெட் வந்ததும் தான்தான் புதிது என்று எழுந்து பாலத்தை விழுங்கிவிட்டது. கிளவுடில் பழைய பிரதிகளும் இல்லை. சான்றிதழ்களை ஏற்ற இடம் போதவில்லை என்று அவற்றை அழித்தவன் அவனேதான்.

"எத்தனை நாள் வேலைடா?"

"பதினொண்ணு."

வாளியிலிருந்து அவள் காலை எடுக்கும் சத்தம் கேட்டது.

"நானே போட்டுத் தரேன்டா. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை கையில கிடைக்கட்டும்."

பாலம் உனக்காகத்தான் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு அது இன்னொரு சுமை. அவள் நின்ற நிற்பில் அவன் வாங்கிய பட்டத்தை எந்தக் கோப்பில் போட்டு, எந்தத் தேதியில் திருப்பிக் கொடுப்பது?

அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது பேட்டரியை அவனே மாற்றினான். அக்கா இன்னும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறாள். ஆற்றில் அவள் நட்ட தூண்கள் இரண்டு நிற்கின்றன. நட்டு ஏழு மாதமாகிறது. அவள் சொன்ன ஞாயிற்றுக்கிழமை இன்னும் பாக்கி.