இரும்பு ரோஜாவின் கடைசி இதழ்

படப்பை சாலையோரத்தில் இரும்பு கேட் செய்யும் பட்டறை ஒன்றில் நிற்கிறேன். காலை ஷிப்ட் முடித்து வந்த கலா, கம்பெனிச் சீருடையோடே உலை முன் உட்கார்ந்து, கேட்டின் உச்சிக்கு ஒரு ரோஜா செய்கிறார். பழுக்கக் காய்ந்த தகட்டைக் குறடால் இதழ் இதழாகச் சுருட்டுகிறார். சூடு சற்று மிஞ்சினாலும் இதழ் கருகி, மொத்தப் பூவும் வீணாகிவிடும். கேட்டை ஏற்ற வந்த லோடு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார். கடைசி இதழும் கச்சிதமாக விரிகிறது. கலாவோ பூவை மறுபடி உலையில் வைக்கிறார்.

"நல்லாத்தானேம்மா இருக்கு?" என்கிறேன்.

"பக்கத்து இதழ் மாதிரியே வந்துகீதுண்ணா. கம்பெனி லைன்ல பார்ட்டு அப்படி வரலன்னா ரிஜெக்ட்டு. ரோஜால அப்படி வந்தா ரிஜெக்ட்டு."

குறடு மெல்லத் திரும்ப, இதழ் ஒருபக்கம் சாய்கிறது. பூவைத் தண்ணீரில் முக்கி நீட்டுகிறார். ஹாரனை விட்டுவிட்டு இறங்கிவந்த ஆட்டோக்காரர் அதைக் கையில் வாங்கி, தன்னையறியாமல் முகர்ந்து பார்க்கிறார்.